இயற்கை நெல்லுக்கு முன்னாடி, மேல இருந்து வர்ற தண்ணியைப் பாருங்க

தம்பி, உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கோவையில வேலை பாக்குறீங்க, நீலகிரி மாவட்டத்துல அய்யன்கொல்லி பக்கம் அப்பா பேர்ல 3 ஏக்கர் வயல் இருக்கு, இத்தனை வருஷமா இஞ்சிக்கும் நேந்திரன் வாழைக்கும் குத்தகைக்கு விட்டிருந்தீங்க, இப்ப குத்தகை முடிஞ்சு நிலம் கைக்கு வந்துடுச்சு, அதுல மருந்து உரம் இல்லாம நெல் போடணும், எந்த ரகம் போடலாம், என்ன உரம், போகப்போக வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமா பாக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. நெல் போடலாம், நல்லாவே விளையும், கூடலூர் பந்தலூர் பக்கத்து வயலெல்லாம் நெல்லுக்குன்னே அமைஞ்ச நிலம் தான். ஆனா நீங்க ரகத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்க, நான் தண்ணியில இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். தஞ்சாவூர்ல நெல் போடுறவருக்கு தண்ணி வாய்க்கால்ல வருது, மடையைத் திறந்தா வரும், மூடினா நிக்கும். நம்ம வயல் ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளத்துல இருக்கு, மேல இருக்கிற தேயிலைத் தோட்டம், காப்பி, வாழை எல்லாத்துலயும் பெய்யற மழை உங்க வயல் வழியா தான் இறங்கி ஓடணும், நீங்க கூப்பிடாமயே வரும். அதனால நம்ம ஊர்ல இயற்கை நெல்லுங்கறது உங்க 3 ஏக்கருக்குள்ள மட்டும் முடியற விஷயம் இல்ல, மேல் வயல்காரர், கீழ் வயல்காரர், பக்கத்து மேட்டுல தோட்டம் வச்சிருக்கவர் எல்லாரும் இதுல இருக்காங்க.

முதல் வேலை, ஒரு நல்ல மழை நாள்ல வயலுக்குப் போயி தண்ணி எந்தப் பக்கம் இருந்து உள்ள வருதுன்னு நடந்து பாருங்க. ஓடை வழியா வர்றது ஒண்ணு, மேட்டு ஓரத்துல மண்ணுக்குள்ள இருந்து கசிஞ்சு ஊத்தா வர்றது இன்னொண்ணு. இந்த ஊத்துத் தண்ணி நிக்கிற இடத்துல செம்பழுப்பா ஒரு படலம் மிதக்கும், மேல எண்ணெய் ஊத்தின மாதிரி பளபளன்னு இருக்கும். டீசலா எண்ணெயான்னு பயப்பட வேண்டாம், ஒரு குச்சியால தொட்டுப் பாருங்க, உடைஞ்ச கண்ணாடி போல துண்டு துண்டா பிரிஞ்சு நின்னா அது இரும்பு, திரும்ப ஒண்ணா சேர்ந்துகிட்டா தான் எண்ணெய். நம்ம செம்மண்ணுல புளிப்பும் அதிகம் இரும்பும் அதிகம், தண்ணி தேங்கி காத்து போகாத இடத்துல அந்த இரும்பு கரைஞ்சு வேர்ல ஏறும். நடவு நட்டு மூணு நாலு வாரத்துல அடி இலை நுனியில இருந்து சின்னச் சின்ன பழுப்புப் புள்ளி வந்து இலையே துரு நிறத்துக்கு மாறும், பயிர் தூர் கட்டாம குத்துக்கட்டையா நிக்கும். இதைப் பாத்துட்டு ஏதோ நோய்னு நினைச்சு மருந்துக் கடைக்கு ஓடுறவங்க இந்தப் பக்கம் நிறைய பேர். ஒரு தூரைப் புடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க, வெள்ளையாவோ லேசா பழுப்பாவோ இருந்தா நல்ல வேர், கறுத்துப்போயி அழுகின முட்டை வாடை அடிச்சா வேருக்கு மூச்சு இல்லைன்னு அர்த்தம்.

இதுக்கு வைத்தியம் மண்வெட்டி தான். மேட்டு ஓரமா, வரப்புக்கும் மேட்டுக்கும் நடுவுல, முழங்கால் ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டி ஊத்துத் தண்ணியை வயலுக்குள்ள விடாம சுத்திக் கொண்டுபோயி கீழே ஓடையில விட்டுடணும். இந்த ஒரு வடிகாலால உங்களுக்கு மூணு நன்மை. இரும்புத் தண்ணி உள்ள வராது, ஊத்துத் தண்ணியோட குளிர் பயிரைப் பாதிக்காது, மேல் தோட்டத்துல அடிக்கிற களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் மழையில கரைஞ்சு உங்க நெல்லுக்கு வராது. இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு ஆள் வந்து பாக்கும்போதும் முதல்ல கேக்குற கேள்வி பக்கத்து நிலத்து மருந்து உங்க நிலத்துக்கு வர்றதைத் தடுக்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு தான். ஆனா வடிகால் வெட்டுற தண்ணி கீழ் வயல்காரர் தலையில போயி விழக்கூடாது, அவர்கிட்ட பேசிட்டு அப்புறம் வெட்டுங்க. மேல் தோட்டக்காரர்கிட்டயும் போயி உக்காந்து பேசுங்க, உங்க ஓரமா இருக்கிற ரெண்டு மூணு வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்காம கையால களை எடுக்க முடியுமான்னு கேளுங்க, அந்தக் கூலியை நீங்களே கொடுத்தாலும் தப்பில்ல. சண்டை போட்டு வாங்குறதை விட டீ குடிச்சுட்டு வாங்குறது தான் இந்த ஊர்ல நிலைக்கும்.

நிலத்தை சமப்படுத்த ஜேசிபி கொண்டு வரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நீலகிரியில ஜேசிபிக்கும் போர் போடுறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு, அனுமதி இல்லாம கை வைக்க முடியாது, அதோட மேல் மண்ணைத் தள்ளிட்டா அடியில இருக்கிற களி மேல வந்து பல வருஷத்துக்கு எதுவும் விளையாது. பட்டா விஷயத்தையும் இப்பவே பாத்துடுங்க. 1969ல வந்த கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துல பிரிவு 17ல மாட்டிக்கிட்டு, யாருக்கு உரிமைன்னு இன்னும் தீராத நிலம் நம்ம பக்கம் ஏகப்பட்டது இருக்கு, உங்க சர்வே நம்பர் அதுல வருதான்னு தெரிஞ்சுக்காம சான்றிதழ், கடன், மானியம்னு எதுக்கும் அலைய வேண்டாம்.

இஞ்சி போட்ட நிலம்னு சொன்னீங்க, அதைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். குத்தகை இஞ்சிக்கு பூஞ்சைக்கொல்லியும், பண்ணைக் கோழி எருவும், களைக்கொல்லியும் நல்லாவே போட்டிருப்பாங்க, வயல்ல உயரமா மேட்டுப்பாத்தி இழுத்து வரப்பெல்லாம் அழிஞ்சு போயிருக்கும். தேசிய அங்கக (இயற்கை விவசாய) விதிமுறைப்படி ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 2 வருஷம், அந்த 2 வருஷமும் நீங்க எல்லாம் இயற்கையா பண்ணினாலும் இயற்கை அரிசின்னு சான்றோட விக்க முடியாது. இதை நஷ்டமா பாக்காதீங்க, மண்ணுக்கு அந்தக் காலம் உண்மையிலேயே வேணும். முதல் வருஷம் 3 ஏக்கர்லயும் நெல் போடாதீங்க. தண்ணிக் கட்டுப்பாடு நல்லா இருக்கிற ஒரு ஏக்கரை மட்டும் எடுத்து நெல் போடுங்க, மீதி 2 ஏக்கர்ல வரப்பைத் திரும்ப எழுப்பி, பசுந்தாள் விதைச்சு மடக்கி உழுது மண்ணைத் தேத்துங்க. கோடை மழை விழுந்ததும் சித்திரை கடைசியில தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சா ஆனி பாதியில 45 நாள் ஆகி பூ எடுக்கப் போற பருவம் வரும், அப்ப மடக்கி உழணும். சணப்பை வேண்டாம், தண்ணி நின்னா தாங்காது, நம்ம வயலுக்கு தக்கைப்பூண்டு தான் சரி.

உரத்தைப் பத்தி உங்க கேள்வியில ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம்னு இயற்கைக் கரைசலா வரிசையா எழுதியிருந்தீங்க. எல்லாம் நல்லது தான், நானும் செய்யறேன், ஆனா கணக்கைப் பாருங்க. ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 15ல இருந்து 20 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம்னா அதுல இருக்கிறது 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, இதுல இருக்கிற தழைச்சத்து மொத்தமும் கூட்டினாலும் கால் கிலோ தேறாது. அது நுண்ணுயிரைத் தூண்டி விடும், பயிருக்குச் சோறு போடாது. சோறு போடுறது நல்லா வளர்ந்த தக்கைப்பூண்டு, அது ஏக்கருக்கு 25 கிலோவுக்கு மேல தழைச்சத்து கொடுக்கும், அப்புறம் மக்கின தொழு உரம். இன்னொண்ணு, ஆடி மாசம் நம்ம ஊர்ல எப்படிக் கொட்டும்னு உங்களுக்கே தெரியும், தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல நம்ம பக்கத்துல இருக்கிற தேவாலா ஒண்ணு. அந்த மழையில நீங்க ஊத்துற கரைசல் எல்லாம் அன்னைக்கு சாயங்காலமே கீழ் வயலுக்குப் போயிடும். அதனால ஜீவாமிர்தத்தை மழை விட்ட பிறகு, புரட்டாசியில தண்ணியைக் கட்டி வச்சு விடுங்க, பஞ்சகவ்யாவை 3 சதவீதக் கரைசலா தெளிங்க, ஆடியில மண்ணுக்குள்ள உழுது புதைச்சது மட்டும் தான் உங்களோடது.

தக்கைப்பூண்டு விதை கிடைக்காத வருஷம், ரோட்டோரமா மஞ்சப் பூவா பூத்து நிக்குமே காட்டுச் சூரியகாந்தி, அதை பூ வர்றதுக்கு முன்னாடி வெட்டி வயல்ல போட்டு மிதிங்க, தழைச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) அதுல நிறைய. மிளகுக்கு நிறுத்தியிருக்கிற சீமை அகத்தியை (கிளைரிசிடியா) கவாத்து பண்ணும்போது வர்ற தழையும் அப்படியே. ஆனா பச்சைத் தழையை மிதிச்ச மறுநாளே நடவு போட்டுடாதீங்க. தண்ணி தேங்குற புளிச்ச மண்ணுல பச்சைத் தழை அழுகும்போது மண்ணுல மிச்சம் இருக்கிற காத்தும் போயி, மேல சொன்ன இரும்புப் பிரச்சினை ரெண்டு மடங்காகும். ரெண்டுல இருந்து மூணு வாரம் விட்டு, நடுவுல ஒரு தடவை தண்ணியை முழுசா வடிச்சு, திரும்ப சேத்துழவு பண்ணி பரம்படிச்சு சமமாக்கி அப்புறம் நடுங்க. தண்ணியில முளைக்கிற களையும் இந்த ரெண்டாவது உழவுல போயிடும்.

மண் பரிசோதனை கட்டாயம் பண்ணுங்க, முக்கியமா பிஎச், அதாவது மண்ணோட புளிப்பைக் காட்டுற எண். அது 5க்குக் கீழ இருந்தா ஆச்சரியப்படாதீங்க, இங்க அது சகஜம். வயநாட்டு வயலும் நம்மளது போலத் தான், அங்க கேரள வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு போடச் சொல்லுது, முதல் உழவுல 350, நட்டு ஒரு மாசத்துல 250. நமக்கு ஏக்கர் கணக்குல 140 கிலோவும் 100 கிலோவும். விவசாயச் சுண்ணாம்பு, டோலமைட் ரெண்டும் இயற்கை முறையில அனுமதி உள்ளது தான், ஆனா தொழு உரம் போடுற அன்னைக்கே சுண்ணாம்பைப் போடாதீங்க, ஒரு வாரமாவது இடைவெளி விடுங்க. வீட்டு அடுப்புச் சாம்பல், உமிச் சாம்பல் கிடைச்சா விடாதீங்க, சாம்பல் சத்து குறைஞ்ச பயிரைத் தான் இரும்பு அதிகமா அடிக்கும். குன்னூர்ல உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்துற வேளாண் அறிவியல் நிலையத்துல இந்த மண்ணைப் பத்தி நல்லா தெரிஞ்சவங்க இருக்காங்க, ஒரு தடவை போயிட்டு வாங்க.

இப்ப ரகம். நெல் ஜெயராமன் ஐயா புண்ணியத்துல மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி எல்லாம் திரும்ப நம்ம கைக்கு வந்திருக்கு, அவர் 170க்கும் மேல பாரம்பரிய ரகங்களை மீட்டு ஊர் ஊரா விதையா பரப்பினவர், 2018ல அவர் போனது இன்னைக்கும் மனசுக்கு வலிக்கிற இழப்பு. ஆனா அதெல்லாம் சமவெளி நெல். 1000 மீட்டர் உயரத்துல மழையும் பனியும் இருக்கிற நம்ம வயல்ல அதுக எப்படி நடந்துக்கும்னு ஒரு சென்ட் ரெண்டு சென்ட்ல போட்டுப் பாக்கலாமே தவிர, முதல் வருஷமே அதை நம்பி ஒரு ஏக்கர் இறங்காதீங்க. இந்த மண்ணுக்குன்னே வந்த நெல் இருக்கு, கந்தகசாலை, ஜீரகசாலை, முள்ளன் கைமா வாசனை ரகங்கள், அடுக்கன், வெளியன், வலிச்சூரி, தொண்டி, செந்நெல் எல்லாம் சாப்பாட்டு ரகங்கள். நம்ம பக்கம் மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி குடும்பங்கள்ல, பணியர், குறும்பர் ஊர்கள்ல இன்னும் சிலர் விதை வச்சிருக்காங்க, எல்லை தாண்டினா வயநாட்டுல மானந்தவாடி பக்கம் செறுவயல் ராமன் ஐயா 50க்கும் மேல ரகங்களை வருஷா வருஷம் விதைச்சு காப்பாத்திட்டு வர்றார், 2023ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. விதையை இந்த மாதிரி கையில இருந்து வாங்குங்க, எந்த வயல்ல விளைஞ்சது, தண்ணி நின்ன வயலா மேட்டு வயலான்னு கேட்டு வாங்குங்க. ஒரு ஏக்கர்ல முக்கா ஏக்கர் சாப்பாட்டு ரகமும் கால் ஏக்கர் கந்தகசாலையும் போட்டா முதல் வருஷத்துக்குச் சரியா இருக்கும்.

இந்த ரகங்கள் பெரும்பாலும் பகல் நேரம் குறையறதைப் பாத்து பூக்கிறவை. ஆனியில விதைச்சாலும் ஆடி கடைசியில விதைச்சாலும் பூக்கிறது கிட்டத்தட்ட ஒரே சமயம் தான், லேட்டா விதைச்சா வளர்ற காலம் குறைஞ்சு தூரும் கதிரும் சிறுத்துடும். அதை விட பெரிய ஆபத்து குளிர். கதிர் பொதி கட்டி பூக்கிற நேரத்துல ராத்திரி குளிர் ரொம்ப இறங்கினா மகரந்தம் செத்துப் போயி கதிர் நிமிந்தே நிக்கும், உள்ள எல்லாம் பதர். வைகாசி கடைசியில இருந்து ஆனி முதல் வாரத்துக்குள்ள நாத்து விட்டு, ஆடி முதல் பாதிக்குள்ள நடவு முடிச்சிருங்க. கூடலூர் பக்கம் புத்தூர்வயல்ல ஐப்பசியில பூபுத்தரி கொண்டாடுறாங்களே, முதல் கதிரை அறுத்து சாமிக்கு வைக்கிற விழா, அந்தச் சமயத்துல உங்க வயல்லயும் கதிர் வெளிய வர ஆரம்பிச்சிருக்கணும், வரலைன்னா அடுத்த வருஷம் நாத்து விடுற தேதியை முன்னாடி கொண்டு வாங்க. பெரியவங்க வச்ச திருவிழாவே நமக்கு காலண்டர்.

விதைக்கு உப்புத்தண்ணி சோதனை பண்ணுங்க, 10 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை கிலோ உப்பு, மிதக்குறதை எடுத்துட்டு மூழ்கினதை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில கழுவணும். மூக்கு நீண்ட நெல்லா இருந்தா முதல்ல கையால கசக்கி மூக்கை ஒடிச்சுட்டு போடுங்க, இல்லன்னா காத்துக் குமிழ் ஒட்டி நல்ல விதையும் மிதக்கும். அப்புறம் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கிற நல்ல பாக்டீரியாப் பொடி) கலந்து வைங்க, இதை மறக்கவே கூடாது, ஏன்னா குலைநோய்ங்கற பூஞ்சை நோய்க்கு கூடலூர் பேர் போன இடம். இங்க வேளாண் பல்கலைக்கழகத்தோட நெல் ஆராய்ச்சி மையம் ஒண்ணு இருக்கு, ஒரு ரகம் குலைநோயைத் தாங்குதான்னு சோதிக்கணும்னா இங்க கொண்டு வந்து நட்டுப் பாப்பாங்க, அந்த அளவுக்கு மூடுபனியும் ஈரமும் அந்த நோய்க்கு ஒத்துப்போகுது. இலையில கண் வடிவத்துல நடுவுல சாம்பல் நிறமா புள்ளி வந்தா அது தான், கழுத்துல வந்தா கதிர் ஒடிஞ்சு தொங்கும். தழைச்சத்து ஏறி கரும்பச்சையா நிக்கிற பயிரைத் தான் முதல்ல பிடிக்கும், அதனால பக்கத்து வயல் கரும்பச்சையா இருக்கு, நம்மளது வெளிறி இருக்கேன்னு மனசு விட்டு கூடுதலா எதையும் கொட்டாதீங்க, இளம்பச்சை தான் இங்க ஆரோக்கியம்.

ஒற்றை நாற்று நடவு பத்தியும் கேட்டிருந்தீங்க. 14 நாள் நாத்தை 25 சென்டிமீட்டர் இடைவெளியில ஒவ்வொண்ணா நட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்டு, கோனோவீடர்ங்கற கையால தள்ளுற களைக்கருவி ஓட்டுற முறை, தண்ணியை அடக்கத் தெரிஞ்ச இடத்துல அருமையான முறை. நம்ம வயல்ல ஆடி மழையில 14 நாள் நாத்து முங்கிப் போயிடும், சேறு ஆழமா இருந்தா கோனோவீடரும் நகராது. இடைவெளியை மட்டும் அதுல இருந்து எடுத்துக்கோங்க, நாத்து 22ல இருந்து 25 நாள் வயசா, குத்துக்கு ரெண்டா நடுங்க, ஏக்கருக்கு 8ல இருந்து 10 கிலோ விதை போதும். நாத்தங்காலை மேடான பாத்தியா போட்டு சுத்தி வடிகால் விடுங்க. நடும்போது நாத்து நுனியைக் கொஞ்சம் கிள்ளிட்டா தண்டு துளைப்பான் முட்டையும் அதோட போயிடும். நடவு தெரிஞ்சவங்க இங்க பெரும்பாலும் பணியர் குடும்பத்து அம்மாக்கள், எந்த மூலையில சேறு ஆழம், எந்த மடையில தண்ணி தங்கும்னு உங்க வயலைப் பத்தி உங்களை விட அவங்களுக்கு நல்லா தெரியும். ஏக்கருக்கு 12ல இருந்து 15 பேர் வேணும், தோட்ட வேலைக்கு என்ன கூலியோ அதுக்குக் குறையாம கொடுங்க, மழையில நிக்கிற வேலைக்கு சூடா சாப்பாடும் கொடுங்க, அவங்க சொல்ற யோசனையைக் கேளுங்க.

பூச்சியைப் பத்தி பெருசா கவலைப்படாதீங்க, ரெண்டாவது வருஷத்துல இருந்து சிலந்தியும் தவளையும் தட்டானும் திரும்ப வந்துடும், நண்டும் வரும், அது வரப்புல ஓட்டை போடுறதால அண்டை வெட்டி சேறு பூசிக்கிட்டே இருக்கணும். கூண்டுப்புழு வந்தா ஒரு கயித்தை ரெண்டு பேர் பிடிச்சு பயிர் மேல இழுத்தா கூண்டெல்லாம் தண்ணியில உதிரும், அப்புறம் தண்ணியை வடிச்சுடுங்க. தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம்ங்கற, துளைப்பான் முட்டையை அழிக்கிற குட்டிக் குளவியோட முட்டை அட்டை ஏக்கருக்கு 2 சிசி அளவு, நட்டு 30ம் நாளும் 37ம் நாளும்னு ரெண்டு தடவை கட்டுங்க.

உண்மையான கஷ்டம் பன்னியும் யானையும். பால் பிடிக்கிற நேரத்து வாசனை அதுகளுக்கு எங்கிருந்தோ தெரிஞ்சுடும். சுத்தி எல்லாரும் வாழை, பாக்குன்னு மாறிட்ட பள்ளத்துல நீங்க மட்டும் நெல் போட்டா, அந்த வட்டாரத்துக் கிளி, சில்லை, பன்னி எல்லாத்துக்கும் உங்க ஒரு ஏக்கர் தான் பந்தி. பக்கத்து வயல்காரங்களையும் சேத்து அஞ்சு பேர் ஒரே வாரத்துல நட்டா சேதம் பிரிஞ்சுடும், பரண் போட்டு முறை வச்சு காவல் காக்கலாம். சூரிய மின்வேலி போடுறதா இருந்தா வனத்துறைகிட்ட கேட்டு அனுமதியோட போடுங்க. கரண்ட் லைன்ல இருந்து நேரா கம்பிக்கு இழுக்கிற வேலையை யார் சொன்னாலும் பண்ணாதீங்க, அது குற்றம், யானையும் சாகும் மனுஷனும் சாவான். யானை இறங்கிட்டா விட்டுட்டு வந்துடுங்க, மறுநாள் காலையில போட்டோ எடுத்து இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்க, நெல்லுக்காக உயிரைக் கொடுக்காதீங்க.

அந்த அஞ்சு பேர் கிடைச்சா சான்றிதழும் சுலபம். பிஜிஎஸ்னு சொல்ற பங்கேற்பு உத்தரவாத முறையில குறைஞ்சது 5 விவசாயிகள் ஒரு குழுவா சேர்ந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் பாத்து உறுதி சொல்லணும், செலவு மிகக் குறைவு, உள்நாட்டு விற்பனைக்கு அது போதும். ஏற்றுமதி நினைப்பு இருந்தா தான் கோவையில இருக்கிற தமிழ்நாடு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை மாதிரி மூணாம் தரப்புச் சான்று வேணும். எதுவானாலும் முதல் நாள்ல இருந்து ஒரு நோட்டுல தேதி போட்டு என்ன போட்டீங்க, எங்க வாங்கினீங்கன்னு எழுதுங்க. ஒரு எச்சரிக்கை, வயநாடு கந்தகசாலை, வயநாடு ஜீரகசாலைக்கு 2010ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நீங்க விளைவிச்சதை கந்தகசாலைன்னு சொல்லலாம், வயநாடுன்னு பேர் போட்டு பாக்கெட் அடிக்காதீங்க, கூடலூர்னு பெருமையாவே போடுங்க.

வேலையை விடலாமாங்கற கேள்விக்கு கணக்கு போட்டே சொல்றேன். நம்ம உயரமான நாட்டு ரகம் ஏக்கருக்கு ஒரு டன் கொடுத்தா நல்ல விளைச்சல். நெல்லாவே வித்தா, 2025-26க்கு மத்திய அரசு ஆதார விலை சாதா ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2369 ரூபாய், ஒரு டன்னுக்கு 23,690, இயற்கைன்னு யாரும் கூட்டித் தர மாட்டாங்க, நடவு, களை, அறுப்பு, காவல் கூலிக்கே அது பத்தாது. அரிசியாக்கினா ஒரு டன் நெல்லுக்கு 600 கிலோ அரிசி, கிலோ 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா 54,000. வித்தியாசம் முழுக்க இங்க தான் இருக்கு. 3 ஏக்கரும் விளைஞ்சா 1800 கிலோ, அதாவது மாசம் 10 கிலோ வாங்குற 15 குடும்பம். நீங்க கோவையில இருக்கிறது தான் உங்க பெரிய பலம், உங்க அபார்ட்மெண்ட்லயும் ஆபீஸ்லயும் 15 குடும்பத்தை நாத்து விடுறதுக்கு முன்னாடியே பேசி வச்சுடலாம். ஆனா மொத்தமே வருஷத்துக்கு 1,62,000 ரூபாய், அதுல செலவும் போகணும், அதை நம்பி வேலையை விடாதீங்க. அறுப்பு முடிஞ்ச பிறகு வயல்ல இருக்கிற ஈரத்துல பயறு, பாகற்காய் போட்டா இன்னொரு வருமானம், உயரமான நெல்லோட வைக்கோலுக்கு மாடு வச்சிருக்கவங்க தேடி வருவாங்க, வரப்புல தட்டைப்பயறு. வளர்றதுன்னா ஏக்கரைக் கூட்டுறது இல்ல, அந்த அஞ்சு பேரோட நெல்லையும் சேத்து உமி நீக்குற ஒரு சின்ன ரப்பர் ரோலர் மெஷினைப் போட்டு அரிசியா விக்கிறது தான் வளர்ச்சி, அது வரைக்கும் வேலையில இருந்துக்கிட்டே பண்ணுங்க.

அறுப்புக்கு அப்புறம் பனி காயற வரைக்கும் களத்துல நெல்லைப் பரப்பாதீங்க, காலையில பத்து மணிக்கு மேல போட்டு வெயில் இறங்கறதுக்குள்ள வாரி மூடணும், ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழ, விதைக்குன்னா 12. நெல்லாவே வச்சிருந்து மாசாமாசம் தேவைக்கு மட்டும் அரைங்க, தவிடு நீக்காத அரிசி ரெண்டு மூணு மாசத்துல சிக்கு வாடை அடிச்சுடும். வாசனை ரகத்தை அவிக்காதீங்க, பச்சரிசியாவே அரைச்சா தான் மணம் தங்கும். வெளி மில்லுல கொடுக்கிறதா இருந்தா காலையில முதல் ஆளா, மெஷினை சுத்தம் பண்ணின உடனே உங்க நெல்லைப் போடச் சொல்லுங்க, இல்லன்னா முன்னாடி அரைச்சவங்க அரிசி கலந்துடும். விதைக்கு வயல் நடுவுல இருந்து, மத்த ரகத்துக்கு 3 மீட்டராவது தள்ளி இருக்கிற இடமா பாத்து, கலவன் (நடுவுல கலந்து நிக்கிற வேற ரகம்) எடுத்துட்டு தனியா அறுத்து வைங்க.

இந்த மாசம் நீங்க வயலுக்கு வந்தா, மேட்டு ஓரத்துல எத்தனை இடத்துல ஊத்து கசியுது, மேல இருக்கிறது யாரோட தோட்டம், கீழே யார் இன்னும் நெல் போடுறாங்க, இந்த மூணையும் குறிச்சுக்கிட்டு மண்ணையும் சோதனைக்குக் கொடுத்துடுங்க. பிஎச் நம்பர் வந்ததும் எனக்குச் சொல்லுங்க, சுண்ணாம்பு அளவையும் எந்த ஏக்கர்ல முதல்ல நெல் போடலாம்ங்கறதையும் அதை வச்சு முடிவு பண்ணலாம், வெளியனும் அடுக்கனும் விதைக்கு சொல்லி வைக்க பங்குனிக்குள்ள தெரிஞ்சா போதும்.